உரித்தெடுக்கும் ரப்பர்ப் பூச்சு

ஒரு பொருளின்மேல் மற்றொரு பொருளைப் பூசுதல் மக்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் தொழிலாகும். சுவருக்குச் சுண்ணாம்பும், செப்புப் பாத்திரத்திற்கு ஈயமும், மரக்கலத்திற்குக் கீலும் பூசிவந்தனர் நம் முன்னோர். இவற்றின் நோக்கம் இரண்டே. உள்ளிருப்பதைக் காத்தல் ஒன்று. வெளித்தோற்றத்தை அழகுசெய்தல் மற்றொன்று. பூசுவோன் விரும்புவதெல்லாம் தன் பூச்சு நீங்காதிருத்தலையே. சுண்ணாம்பு உதிர்ந்தால் கொத்தனைக் குறைகூறுகின்றோம். ஈயம் தேய்ந்தால் மறுபடியும் ஈயம் பூசுவோனைத் தேடுகின்றோம். இங்ஙனமிருக்க, வேண்டாதபோது கையால் உரித்து எறிதற்கென்றே செய்யப்பட்ட பூச்சொன்று அமெரிக்க நாட்டில் தோன்றி, மோட்டார் வண்டிகளின்மேல் ஏறிப் பிற நாடுகளிலும் பரவியுள்ளது. அதுவே உரித்தெடுக்கும் ரப்பர்ப் பூச்சு.

இதனை விற்போர், வண்ணத்திற்கு இது மாற்று என்று புகழ்கின்றனர். பழிப்போரோ, சிறுவர் விளையாட்டு என்று தள்ளிவிடுகின்றனர். வண்டி வைத்திருப்போருக்கு இது வீண் வழக்கன்று. புகழ்ச்சியை நம்பித் துருவேறிய வண்டியின்மேல் இதனைப் பூசியவர் வண்டியையே இழக்கலாம். பழிப்பை நம்பி ஒதுக்கியவர் சிறு செலவில் முடியத்தக்க காரியத்திற்குப் பெரும்பொருளைச் செலவிட நேரலாம். ஆகவே, இப்பூச்சு யாது, எதனால் ஒட்டுகின்றது, எதனால் உரிகின்றது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பனவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

வண்டியின் வண்ணம்

மாற்று என்று ஒன்றைக் கூறுமுன், மாற்றப்படுவது யாதென அறிதல் வேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், குதிரை வண்டிக்குப் பூசிவந்த எண்ணெய் வார்னிஷையே அதற்கும் தூரிகைகொண்டு பூசினர். ஒரு படை உலர வேண்டும்; அதனைத் தேய்க்க வேண்டும்; அதன்பின் அடுத்த படை ஏற வேண்டும். இவ்வாறு ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்கில் நாள் சென்றது. 1923 ஆம் ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தாரும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி, ‘டூகோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை ஓக்லண்டு வண்டிகளின்மேல் நீலநிறத்தில் ஏற்றி வெளியிட்டனர். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. கரைப்பான் ஆவியாகிப் போதலாலேயே டூகோ உலர்ந்தது. இதனை நாம் நினைவில் இருத்தல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

இற்றைநாள் தொழிற்சாலைகளில் நடைபெறுவது வேறு. எஃகாலாகிய வண்டியுடல் முதற்கண் கழுவப்பெற்று, பாஸ்பேட்டு உப்பின் மெல்லிய படிவொன்றைப் பெறுகின்றது. பின்னர்ப் பெருந்தொட்டியில் மூழ்கி, மின்னோட்டத்தின் துணையால் ஏறத்தாழ 20 மைக்ரான் கனமுள்ள அடிப்பூச்சைப் பெறுகின்றது. ஒரு மைக்ரானாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. துருவைத் தடுக்கும் பெரும்பொறுப்பு இவ்வடிப்பூச்சினுடையதே. அதன்மேல் மேடுபள்ளம் நிரவும் பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும், அனைத்திற்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சும் அமைகின்றன. இவையெல்லாம் கூடியும் கனம் 100 முதல் 150 மைக்ரான் அளவே. நாம் எழுதும் தாளின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான். ஒரு தாளின் கனமே வெயிலுக்கும் மழைக்கும் எதிரே நின்று எஃகைப் பல்லாண்டு காக்கின்றது என்பது வியப்பன்றோ?

இவ்வளவு வலிமை அதற்கு எங்கிருந்து வந்தது? சூட்டிலிருந்து வந்தது. தெளிபூச்சைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகின்றனர். அப்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிக் கட்டுகளால் இணைந்து வலைபோல் ஆகின்றன. சூளையிற் சுட்ட செங்கல் மீண்டும் களிமண் ஆகாது. மழையிற் கிடப்பினும் கரையாது. அதுபோலவே இவ்வண்ணமும் ஒருமுறை இறுகியபின் கரைதல் இல்லை. பெட்ரோல் சிந்தினும் துடைத்துவிட்டாற் போதும்.

ஆயின் இவ்வலிமைக்கு ஒரு விலை உண்டு. நிறத்தை மாற்ற விரும்புவோர் பழைய வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களில் பட்டி வைத்து, புதுப் பூச்சைத் தெளித்து, உலர்த்தி, மெருகேற்ற வேண்டும். செலவும் மிகுதி, காலமும் மிகுதி. அதற்குமேல், தேய்க்கப்பட்ட தொழிற்சாலை வண்ணத்தை மீட்கவும் இயலாது. மனம் மாறினால் மறுபடியும் தேய்த்தலைத் தவிர வேறு வழியில்லை.

ரப்பர் நீராகிய வரலாறு

இனி ரப்பரின் கதையைக் காண்போம். ரப்பரைக் கரைத்துப் பூசும் எண்ணம் புதியதன்று. 1823 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்துச் சார்லஸ் மாக்கின்டோஷ் என்பார், நிலக்கரி வாயு செய்யுங்கால் கிடைத்த நாப்தா என்னும் எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே தடவி, மழை புகாத் துணி செய்யும் உரிமை பெற்றார். மழைச்சட்டையை இன்றும் ஆங்கிலேயர் அவர் பெயரால் அழைப்பது இதுபற்றியே. நாப்தா ஆவியாகிப் போயிற்று. ரப்பர் படலமாய் நின்றது. இப்போது நாம் ஆராயும் பூச்சின் தத்துவம் முழுவதும் இதனுள் அடங்கியிருத்தலைக் காண்க.

ஆனால் அக்காலத்து ரப்பருக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. கோடையில் அது பிசுபிசுத்து ஒட்டியது. குளிரில் விறைத்து வெடித்தது. 1839 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் கலந்து சூடேற்றினால் அக்குறை நீங்குதலைக் கண்டறிந்தார். இன்று வண்டிச் சக்கரங்களின் டயர்கள் யாவும் அவ்வழியிற் செய்யப்படுவனவே. எனினும் கந்தகமேற்றிய ரப்பர் சுட்ட செங்கலைப் போன்றது. எண்ணெயில் ஊறிப் பருக்குமேயன்றிக் கரையாது. கரையாததைத் தெளித்துப் பூசுதல் எங்ஙனம்? ஆகவே கரையும் ரப்பர் வெயிலுக்கு நில்லாததாயும், வெயிலுக்கு நிற்கும் ரப்பர் கரையாததாயும் நெடுங்காலம் இருந்தன.

இம்முட்டுக்கட்டையை நீக்கியது செயற்கை ரப்பர். 1965 ஆம் ஆண்டில் ஷெல் நிறுவனத்தார் புதுவகை ரப்பரொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் நீண்ட கயிறு போன்றது. நடுப்பகுதி மென்மையான ரப்பர். இரு முனைகளும் கடினமான ஸ்டைரீன். முனைகள் பலவும் ஆங்காங்கே ஒன்றுகூடி முடிச்சுகளாகி நடுப்பகுதிகளைப் பிடித்துக்கொள்கின்றன. கந்தகம் செய்த வேலையை இம்முடிச்சுகள் செய்கின்றன. ஆனால் இவை வேதிக் கட்டுகளல்ல, வெறும் கூட்டமே. தக்க கரைப்பானில் முடிச்சுகள் அவிழும். கரைப்பான் போனபின் மீண்டும் கட்டிக்கொள்ளும். மாக்கின்டோஷின் ரப்பரைப்போல் இது கரையும். குட்இயரின் ரப்பரைப்போல் இழுபட்டு மீளும். இத்தகைய கரையும் செயற்கை ரப்பர்களே உரித்தெடுக்கும் பூச்சுக்கு ஏற்றவையாயின.

உரிக்கத்தக்க படலத்தால் பொருளைக் காக்கும் வழக்கமோ இதற்கும் முந்தியது. இரண்டாம் உலகப்போர் 1945 இல் முடிந்தபின், அமெரிக்கக் கடற்படையினர் பணியின்றி நிறுத்திவைத்த கப்பல்களின் பீரங்கிகளைப் பட்டுப்பூச்சியின் கூடுபோல் பிளாஸ்டிக் படலம் தெளித்து மூடிவைத்தனர். மீண்டும் வேண்டியபோது படலத்தைக் கிழித்தெடுத்தலே வேலை. அணுவாற்றல் நிலையங்களில் சுவர்மீதும் தரைமீதும் படிந்த கதிரியக்கத் தூசியை இத்தகைய படலத்தில் ஒட்டச்செய்து, படலத்தோடு உரித்தெடுத்தலும் உண்டு.

மோட்டார் வண்டிக்கு வந்த பூச்சின் பிறப்பிடம் கருவிப்பட்டறை. அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் 1972 இல் தோன்றிய பிளாஸ்டி டிப் நிறுவனத்தார், குறடு முதலிய கருவிகளின் பிடியை நீர்ம ரப்பரில் தோய்த்து எடுக்கும் பூச்சொன்றை விற்றனர். தோய்த்தெடுத்து உலரவிட்டால் கைவழுக்காத ரப்பர் உறை அமைந்துவிடும். அதனையே பின்னர்த் தெளிப்பு டப்பாக்களிலும் அடைத்து விற்றனர். வண்டியார்வம் மிக்கோர் அதனைச் சக்கரவளையங்களின்மேலும் வண்டிமுகத்திலுள்ள இலச்சினைகளின்மேலும் தெளித்துப் பார்த்தனர். பிடிக்காதபோது உரிந்து வந்துவிட்டது. உள்ளிருந்த மெருகு கெடவில்லை. அதன்பின் வண்டி முழுவதற்குமே பூசத் துணிந்தனர்.

ஒட்டலும் பிணைப்பும்

இப்போது தலையாய வினாவுக்கு வருகின்றோம். மழையில் உதிராது நிற்கும் பூச்சு, கை இழுத்த அளவில் உரிவது எங்ஙனம்?

எந்தப் பூச்சிலும் இருவகை ஆற்றல்கள் செயல்படுகின்றன. பூச்சு தான் ஏறிய பொருளைப் பற்றிநிற்கும் ஆற்றல் ஒன்று. அதனை ஒட்டல் என்போம். பூச்சின் கூறுகள் தம்முள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் ஆற்றல் மற்றொன்று. அதனைப் பிணைப்பு என்போம். ஒட்டல் பிணைப்பினும் மிக்கிருந்தால், இழுக்கும்போது பூச்சுத் துண்டுதுண்டாய்க் கிழியுமேயன்றிப் பொருளை விட்டு வாராது. பிணைப்பு ஒட்டலினும் மிக்கிருந்தால், பூச்சு ஒரே தோலாய் எழுந்துவரும். வண்ணம் முதல்வகை; ரப்பர்ப் பூச்சு இரண்டாம் வகை.

தமிழ் மருத்துவத்தில் ‘பற்று’ என்று ஒன்று வழங்குவதை யாவரும் அறிவோம். தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றிடுகின்றனர். அது காயும்வரை பற்றிநிற்கின்றது, காய்ந்தபின் அகற்றப்படுகின்றது. மெல்லிதாய்த் தடவிய பற்றுப் பொடியாகிப் போகும். தடித்த பற்றோ ஏடாய்ப் பெயரும். பொற்கொல்லர் இரு பொன் துண்டுகளை ஒன்றாக்க இடுவதைப் ‘பற்றாசு’ என்கின்றோம். அது இட்டபின் நீங்குவதன்று; இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது. ஒரே பற்றுதலில் நீங்கும் பற்றும் உண்டு, நீங்காப் பற்றும் உண்டு என்பதை நம் மொழி பண்டே குறித்திருக்கின்றது. வண்ணம் பற்றாசு, ரப்பர்ப் பூச்சு மருத்துவன் இட்ட பற்று.

கனத்தைப் பற்றி இங்கே கூறியது பெரிதும் கருதத்தக்கது. பூச்சின் ஒட்டல் கனத்தால் மிகுவதில்லை. அது தொடும் பரப்பைப் பொறுத்தது. பிணைப்பின் வலிமையோ கனம் மிக மிக மிகும். ஆகவே சிக்கனம் கருதி மெல்லிதாய்ப் பூசியவன், உரிக்கும் நாளில் நகத்தால் சிறு துணுக்குகளாகச் சுரண்டி வருந்துவான். தடிக்கப் பூசியவனோ பானெட்டு முழுவதையும் ஒரே விரிப்பாய் எடுத்துவிடுவான். நன்றாய்ப் பூசப்பட்டதே எளிதில் நீங்கும் என்பது முதலில் முரண்போல் தோன்றினும், ஆராயின் இயல்பேயாகும்.

பூசும் முறை

முதலில் வண்டியை நன்கு கழுவி, எண்ணெயும் மெழுகும் இல்லாதபடி துடைத்து, இடுக்குகளிலுள்ள நீர் முழுதும் வற்றச் செய்தல் வேண்டும். தூசி இருப்பின் அது படலத்தினுள் புள்ளியாய்த் தோன்றும். நீர் இருப்பின் ஒட்டாது. கண்ணாடிகளையும் விளக்குகளையும் டயர்களையும் தாளால் மூடி, ஓரங்களில் ஒட்டுத்தாள் இடுதல் வேண்டும்.

பூசும் இடம் நிழலும் காற்றோட்டமும் உடையதாதல் வேண்டும். கொடும் வெயிலில் தெளித்தால் துளிகள் வண்டியைச் சேருமுன்னரே பாதி உலர்ந்து, பரப்புச் சொரசொரப்பாகும். ஈரம் மிகுந்த நாளில் தெளித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேற் படிந்து, வெண்மை பூத்துவிடும்.

முதற்படை மிக மெல்லியதாதல் வேண்டும். உள்ளிருக்கும் நிறம் பாதியளவு தெரிந்துகொண்டிருத்தல் தகும். அடுத்த படைகள் சற்று ஈரமாய்ப் படர வேண்டும். டப்பாவைப் பரப்பிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவிற் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாது, ஒரே சீராய்க் கையை ஓட்டுதல் வேண்டும். ஒரு படைக்கும் மறு படைக்கும் இடையே அரை மணிநேரம் விடுக என்பது டப்பாவின்மேல் காணும் அறிவுரை. இவ்வாறு ஐந்தாறு படைகள் ஏற்றுதல் வழக்கம். கடைசிப் படை ஈரமாயிருக்கும்போதே ஒட்டுத்தாளை எடுத்துவிடல் வேண்டும். உலர்ந்தபின் எடுத்தால் ஒட்டுத்தாளோடு பூச்சும் எழும். கடைசிப் படைக்குப்பின் நான்கு மணிநேரமாவது தீண்டாது விடுக.

வண்டி முழுவதற்கும் பூசுவோர் டப்பாவை விட்டுத் தெளிகருவியைக் கைக்கொள்கின்றனர். நடுத்தர அளவுள்ள வண்டிக்கு ஏறத்தாழ 4 அமெரிக்கக் காலன், அதாவது 15 லிட்டர், நீர்மம் செல்லும். அதிற் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பானே.

குணங்கள்

இப்பூச்சின் முதற்குணம், மனத்தை மாற்றிக்கொள்ள இடங்கொடுத்தல். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு நிறுவனத்தார் தம் டி வகை வண்டியைக் கருநிறம் ஒன்றிலேயே விற்றனர். வாங்குவோருக்குத் தேர்வே இல்லை. இன்று நிறங்கள் பலவிருப்பினும், தேர்ந்தபின் மாறுதல் அரிது. ரப்பர்ப் பூச்சு அந்த மாறுதலை எளிதாக்குகின்றது. வாங்கியபோதிருந்த வண்ணம் உள்ளே பழுதின்றி இருத்தலால், விற்கும் நாளில் உரித்துவிட்டுப் பழைய தோற்றத்தோடே விற்கலாம்.

இரண்டாவது, காப்பு. குளிர்நாடுகளில் பனியுருக்கச் சாலையில் உப்புத் தூவுகின்றனர். முன்செல்லும் வண்டிகள் சரளைக்கற்களை வாரியெறிகின்றன. கடினமான தெளிபூச்சின்மேற் கல் பட்டால் சில்லுப் பெயரும்; ரப்பரோ சிறு கற்களின் அடியை வாங்கி அமுங்கி மீளும். ஆதலின் பம்பர், சக்கரவளையம் முதலிய அடிபடும் பகுதிகளுக்கு இது தக்க காப்பாகும். மைனஸ் 34 பாகை முதல் 93 பாகை செல்சியஸ் வரை இப்பூச்சு நிலைக்குமெனப் பிளாஸ்டி டிப் நிறுவனத்தார் கூறுகின்றனர்.

மூன்றாவது, செப்பனிடும் எளிமை. கீறல் விழுந்த இடத்தில் மீண்டும் தெளித்தால், புதுப்படையிலுள்ள கரைப்பான் பழைய படையின் மேற்புறத்தைச் சிறிது இளக்க, இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும். மெல்லியதாய் இருந்து உரியாத பூச்சுக்கும் இதுவே மருந்து. அதன்மேல் மேலும் சில படைகள் தெளித்து, உலர்ந்தபின் சேர்த்து உரித்துவிடலாம். கழற்றவே மேலும் பூச வேண்டும் என்பது இத்தொழிலின் விந்தைகளுள் ஒன்று.

குற்றங்கள்

குணங்கள் எவ்வேரிற் பிறந்தனவோ, குற்றங்களும் அவ்வேரிற் பிறந்தனவே. ரப்பர்ப் பூச்சு டூகோவைப்போல் உலர்வது. இற்றைநாள் வண்ணத்தைப்போல் இறுகுவதன்று. வெயிலிற் காய்ந்த பச்சைச் செங்கல் பார்வைக்குச் சுட்ட செங்கல் போலிருப்பினும் மழையில் கரையும். அவ்வாறே இப்பூச்சும் தன்னைக் கரைத்த இனத்ததாகிய எண்ணெயைக் கண்டால் இளகிவிடும். பெட்ரோல் ஊற்றும் வாயருகே துளி சிந்தினால் உடனே துடைத்தல் வேண்டும். விட்டால் கறையோ சுருக்கமோ விழும். புதுப்படை பழையதோடு கலப்பதற்குக் காரணமான அந்த இயல்பே இங்குப் பகையாகின்றது.

மற்றும், மென்மையாதலின் தூசியும் எண்ணெய்ப்பிசுக்கும் இதன்மேல் எளிதிற் படியும். தேய்த்து மெருகேற்றுதல் இயலாது. தானே உலர்ந்தபோது மங்கிய தோற்றமே உடையது. பளபளப்பு வேண்டுவோர் அதற்கென வேறு மேற்பூச்சு இடல் வேண்டும். விசையோடு பாயும் நீரை ஓரத்திற் பாய்ச்சினால் விளிம்பு எழும்பும். எழுந்த விளிம்பைக் காற்றும் கையும் சும்மா விடா. வெயிலால் நிறம் மங்குதலும் உண்டு. நன்கு பூசியதும் சில ஆண்டுகளுக்கே நிற்கும். நெடுங்காலம் விட்டு முதிர்ந்த படலம் உரிதலில் பிடிவாதம் செய்தலும் கூடும்.

இவற்றினும் பெரிய குற்றம் மறைத்தல். இப்பூச்சு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சின் வேலையைச் செய்வதன்று. பெயர்ந்த வண்ணத்தின்மேலும் துருவின்மேலும் இதனைப் பூசினால், கண்ணுக்கு மறையுமேயன்றி நோய் தீராது. ஓரத்தில் புகுந்த ஈரம் உள்ளே தங்க, துரு மறைவில் வளரும். பழுதுபட்ட வண்ணம் உலோகத்தை உறுதியாய்ப் பற்றியிராவிடின், உரிக்கும்போது ரப்பரோடு அதுவும் எழுந்துவரும். பட்டறையிற் புதிதாய் அடித்த வண்ணம் முற்றும் உலருமுன் இதனைப் பூசுதலும் தகாது.

உடல்நலம் பற்றியும் கூறாது விடலாகாது. இந்நீர்மத்தில் நாப்தா, டொலுயீன் முதலிய கரைப்பான்கள் உள்ளன. டொலுயீன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று எங்கோ இருக்கும் அடுப்பிலோ மின்பொறியிலோ தீப்பற்றவல்லது. தலைச்சுற்றலும் மயக்கமும் தரும். மூக்கில் கட்டிய துணி துளிகளைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி பொருந்திய முகமூடியே வேண்டும். மூடிய கொட்டிலுள் இதனைத் தெளிப்பவர், வண்டியின் அழகுக்குத் தம் உயிரைப் பணயம் வைப்பவராவர்.

சட்டமும் ஒன்று உண்டு. வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கின்றது. இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52 ஆம் பிரிவு, பதிவிற் குறித்தவற்றிற்கு மாறுபட வண்டியை மாற்றுதலைக் கட்டுப்படுத்துகின்றது. இங்கிலாந்திலும் நிறம் மாறினால் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். கையால் உரியும் பூச்சுத்தானே எனக் கருதி, வண்டி முழுவதையும் வேறு நிறமாக்கிவிட்டுத் தெருவிற் செல்லுதல் கூடாது. முன்னரே பதிவு அலுவலகத்தை அணுகுதல் முறை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், ரப்பர்ப் பூச்சு வண்ணத்திற்கு மாற்றாகுமா என்னும் வினாவிற்கு விடை எளிதிற் பெறப்படும். வண்ணம் வண்டியின் தோல். ரப்பர்ப் பூச்சு அதன் சட்டை. தோல் நலமாயிருப்பவன் விரும்பிய சட்டையை அணியலாம், கழற்றலாம், வேறொன்றைத் தேர்ந்து மாற்றலாம். தோலிற் புண்ணுடையவன் சட்டையால் அதனை மூடுதல் ஆறுதல் தருமேயன்றிப் புண்ணை ஆற்றாது. அவனுக்கு வேண்டுவது மருந்து; துருவேறிய வண்டிக்கு வேண்டுவது பட்டறை.

ஆகவே, இதனைக் கைக்கொள்ள விரும்புவோர் தம்மைத் தாமே சில வினாக்கள் வினவிக்கொள்வாராக. உள்ளிருக்கும் வண்ணம் உறுதியானதா? நாம் வேண்டுவது சில ஆண்டுக்கு நிற்கும் மாறுதலா, என்றும் நிற்கும் மாறுதலா? போதிய கனம் பூசப் பொருளும் பொறுமையும் உளவா? காற்றோட்டமுள்ள இடமும் தக்க முகமூடியும் உளவா? பதிவுச் சான்றுக்கு முரணாகாதா? இவற்றிற்கெல்லாம் ஏற்ற விடை கிடைப்பின், முதலில் ஒரு சக்கரவளையத்திற் பூசிப் பார்ப்பாராக. அது நன்கமைந்தால் மேலும் செல்லலாம். அமையாவிடின் உரித்தெறிந்துவிட்டு முன்போல் இருக்கலாம். பிழைத்தாலும் பெருங்கேடு விளையாதபடி தொடங்க இடங்கொடுக்கும் தொழில்கள் உலகிற் சிலவே. இஃது அவற்றுள் ஒன்று.

பொருள்களின் குணத்தையும் குற்றத்தையும் வெவ்வேறாக எண்ணிக் கூட்டிக் கழிப்பது நம் வழக்கம். இப்பூச்சோ இரண்டும் ஒன்றேயெனக் காட்டுகின்றது. எளிதிற் கரைவதால் எளிதிற் செப்பனிடப்படுகின்றது. அதனாலேயே பெட்ரோலுக்கு அஞ்சுகின்றது. இறுகப் பற்றாமையால் தீங்கின்றி நீங்குகின்றது. அதனாலேயே விளிம்பில் எழும்புகின்றது. என்றும் நிற்க வேண்டிய இடத்தில் அதனை வைத்தவன் ஏமாறுவான். சிலகாலம் நின்று சுவடின்றி நீங்க வேண்டிய இடத்தில் வைத்தவன் அதன் பயனை முழுதும் பெறுவான்.